வயிற்றுப் பெருநாடி வெடித்தால் உயிர் பிழைக்கலாமா?

(ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மட்டக்களப்பு வந்த தோட்டக் குடும்பங்கள் முதல் நாள் மாலை ஏறாவூரில் தங்கியிருந்தபோது எமது நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய பேச்சு. பயணத்தில் சேர முடியாதவர்களும் வாசிக்க வேண்டும் என்பதற்காக இங்கே தருகிறோம்.)



விடியற்காலையில் இருந்து பஸ்ஸில் குலுங்கி வந்த களைப்பு உங்கள் முகத்தில் தெரிகிறது. பேராதனையில் தொடங்கும் ஏ-5 றோட்டு நுவரெலியா, பதுளை, பிபிலை, மகாஓயா எல்லாம் தாண்டி இங்கே பக்கத்தில் செங்கலடியில்தான் முடிகிறது. மலையையும் இந்த வாவிக்கரையையும் இணைக்கிற றோட்டு அது. 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையை விட்டு இறங்கிய நம்மவர்கள் பலர் வடக்கிலும் கிழக்கிலும்தான் குடியேறினார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சிலர் இன்று மாலை நம்மோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மண்டபத்தையும் தந்து தேநீரும் தந்த ஏறாவூர் அன்பர்களுக்கு முதலில் நன்றி. தேயிலை நம்முடையது, பால் அவர்களுடையது என்று யாரோ பின்னால் சொல்வது கேட்கிறது. சரிதான்.

நாளை விடிய மாமாங்கத் தீர்த்தம். தகப்பனை இழந்தவர்கள் எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போகிறீர்கள். இந்த மண்டபத்தில் இருக்கும் ஒரு தம்பியும் தன் அப்பாவுக்காக முழுகப் போகிறார். அந்த அப்பாவின் கதையைச் சொல்வதற்கு அவரிடம் அனுமதி கேட்டோம். "சொல்லுங்க ஐயா, நாலு பேருக்குப் பிரயோசனமா இருக்கட்டும்" என்றார். பெயரையும் தோட்டத்தையும் சொல்ல மாட்டோம். உங்களில் பலருக்குத் தெரியும், தெரிந்தவர்கள் தெரிந்த மாதிரியே இருங்கள்.

பெரியவருக்கு அறுபத்தேழு வயது. பென்சன் எடுத்து லயத்தில் இருந்தார். கவ்வாத்துக் கத்தி பிடித்த கை, நல்ல திடமான ஆள். பிரஷர் இருந்தது, குளிசை போடுவதும் உண்டு, மறப்பதும் உண்டு. பதினைந்து வயதில் தொடங்கிய பீடி கடைசி வரை விடவில்லை. ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு எழும்பும்போது முதுகில், இடது பக்கம், கத்தியால் குத்தின மாதிரி ஒரு வலி. வேர்த்துக் கொட்டியது. சுவரைப் பிடித்தபடியே சரிந்து விழுந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தார், பேசினார். "ஒண்ணும் இல்ல, வாயு" என்று அவரே சொன்னார்.

மகன் எங்கள் குவாட்டர்ஸுக்கு ஓடி வந்தார். நாங்கள் போய்ப் பார்த்தோம். தொடர்ந்து நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாங்களும் "கேஸ்தான், கல்லாகவும் இருக்கலாம், விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றுதான் சொன்னோம். பக்கத்து லயத்துப் பாட்டி எண்ணெய் காய்ச்சி வந்து, குடலேற்றம் என்று வயிற்றை நீவிவிட்டார். சுடுதண்ணீரும் இரண்டு பனடோலும் கொடுத்தார்கள். வலி கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு மறுபடி விழுந்தார். தோட்ட லொறியில் மெத்தை போட்டு ஏற்றினோம். பாதி வழியில் வயிறு பானை மாதிரி உப்பியது, கை கால் ஐஸ் போல ஆனது. ஆஸ்பத்திரி வாசலில் டொக்டர் பார்த்துவிட்டு, உயிர் போய் விட்டது என்றார்.

பரிசோதனைக்குப் பிறகு அந்த டொக்டர் எங்களைக் கூப்பிட்டு விளக்கினார். "வயிற்றுப் பெருநாடி வீங்கி வெடித்திருக்கிறது. முதல் வலி வந்த நேரத்தில் கசிவு தொடங்கியிருக்கும். அதற்குப் பிறகு ஆறேழு மணித்தியாலம் இருந்திருக்கிறார்." அந்த ஆறேழு மணித்தியாலம் எங்கள் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. அந்த நேரத்தில் கொண்டுபோயிருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாய்ப்பு இருந்தது, அதை நாங்கள் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த வியாதியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினோம். டொக்டர்மாரிடம் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், இதயத்தில் இருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாய்க்குப் பெருநாடி என்று பெயர். அது நெஞ்சுக்குள் வளைந்து, முதுகெலும்புக்கு முன்னால் வயிற்றுக்குள் இறங்கி, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வயிற்றுக்குள் அதன் அகலம் ஏறக்குறைய 2 சென்டிமீற்றர். ஒரு நிமிடத்துக்கு இதயம் இறைப்பது 5 லீற்றர் அளவு இரத்தம். உடம்பில் இருக்கிற மொத்த இரத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பழைய சைக்கிள் டியூப்பை யோசித்துப் பாருங்கள். ஓரிடத்தில் றப்பர் மெலிந்து போனால் காற்றடிக்கும்போது அந்த இடம் மட்டும் கொப்புளம் மாதிரி வெளியே தள்ளும். பெருநாடியும் அப்படித்தான். வயதாலும் புகையாலும் பிரஷராலும் சுவர் பலம் இழந்து கொஞ்சம் கொஞ்சமாக உப்புகிறது. 3 சென்டிமீற்றரைத் தாண்டினால் அதை வீக்கம் என்கிறார்கள், ஆங்கிலத்தில் அனியூரிசம் என்று பெயர். பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் வளரும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பசியும் குறையாது. உள்ளே இருப்பது ஆளுக்கே தெரியாது. பெருக்கப் பெருக்க, வெடிக்கும் ஆபத்தும் கூடிக்கொண்டே போகும்.

வெடித்தால் என்ன நடக்கும்? முன்பக்கமாக வயிற்றுக்குள் வெடித்தால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். அநேகமாக முதல் கிழிசல் பின்பக்கம், முதுகுப் பக்கமாகத்தான் வருகிறது. அங்கே சதையும் கொழுப்பும் நெருக்கமாக இருப்பதால் கசிந்த இரத்தம் கட்டியாகி, ஓட்டையைக் கொஞ்ச நேரம் அடைத்துப் பிடிக்கும். விழுந்த மனிதர் எழும்பிப் பேசுவதும் "இப்ப பரவாயில்ல" என்பதும் இதனால்தான். அந்தக் கட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிலருக்கு அரை மணி, சிலருக்கு ஒரு நாள். அந்தப் பெரியவருக்கு ஒரு ராத்திரி.

கணக்கையும் மறைக்காமல் சொல்கிறோம். இந்த நாடி வெடித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆஸ்பத்திரி வாசலையே காண்பதில்லை. மொத்தமாகப் பார்த்தால் பத்துப் பேரில் எட்டுப் பேர் வரை இறந்து போகிறார்கள். எல்லா வசதியும் உள்ள நாடுகளிலும் இந்தக் கணக்குத்தான் நெடுங்காலமாக இருந்தது. ஆனால் உயிரோடு சத்திரசிகிச்சை மேசைக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்கு வேறு. பிரிட்டனிலும் கனடாவிலுமாக 30 வைத்தியசாலைகளில், 2009 முதல் 2013 வரை 613 நோயாளரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். நாடி வெடித்த சந்தேகத்தோடு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வயிற்றைத் திறந்து ஒபரேசன் செய்வது என்றும், மற்றவர்களுக்கு முடிந்தவரை தொடை வழியாகக் குழாய் விட்டுச் செய்வது என்றும் பிரித்தார்கள். முப்பது நாளில் முதல் பகுதியில் 37.4 வீதமும் இரண்டாவது பகுதியில் 35.4 வீதமும் இறந்தார்கள். அப்படியென்றால் மேசைக்கு வந்த மூன்று பேரில் ஏறக்குறைய இரண்டு பேர் ஒரு மாதம் தாண்டினார்கள். மேசைக்கு வந்து சேர்வதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நாங்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இனி அந்த மேசையில் என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறோம். கேட்கப் பயமாக இருந்தாலும் கேளுங்கள், நாளைக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் எதற்குப் போடுகிறோம் என்று தெரிய வேண்டும். பழைய முறையில் நெஞ்செலும்புக்குக் கீழே இருந்து தொப்புளுக்குக் கீழ் வரை வயிற்றைத் திறப்பார்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன்னமே வயிற்றைத் துடைத்து, துணி போர்த்தி, கத்தியோடு தயாராக நிற்பார்கள். மயக்கம் ஏறி வயிற்றுச் சதை தளர்ந்ததும் உள்ளே அடைத்து வைத்திருக்கும் அழுத்தம் விட்டுப் போய் பிரஷர் ஒரேயடியாக விழலாம். அதனால்தான் அந்த அவசரம். வீக்கத்துக்கு மேலே பெருநாடியைக் கவ்வி போட்டு நிறுத்துவார்கள். பீலிக்கு மேலே தண்ணீரை அடைத்துவிட்டுக் குழாயைத் திருத்துகிற மாதிரி. பிறகு வீங்கிய பையைத் திறந்து, கட்டி இரத்தத்தை அள்ளிவிட்டு, டேக்ரோன் என்ற துணியால் செய்த குழாயை உள்ளே வைத்து இரண்டு முனையையும் தைப்பார்கள். மூன்று நாலு மணித்தியாலம் போகும். இரத்தம் சில வேளை பத்துப் பைன்றுக்கு மேலும் தேவைப்படும்.

அந்த டேக்ரோன் குழாய்க்கு ஒரு கதை உண்டு, தையல் மெஷின் வைத்திருக்கும் தங்கைமார் கவனியுங்கள். பாரிஸில் சார்ள்ஸ் டியூபோஸ்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1951இல் வீங்கிய வயிற்றுப் பெருநாடியை வெட்டி எடுத்துவிட்டு, இறந்த ஒருவரின் நாடியை அந்த இடத்தில் வைத்துத் தைத்தார். எல்லோருக்கும் அப்படி நாடி கிடைக்குமா? அமெரிக்காவில் மைக்கேல் டிபேக்கி என்ற டொக்டர் கடைக்குப் போய் நைலோன் துணி கேட்டாராம். நைலோன் முடிந்துவிட்டது, டேக்ரோன்தான் இருக்கிறது என்றார்களாம். அதை வாங்கி வந்து மனைவியின் தையல் மெஷினில் வீட்டிலேயே குழாய் தைத்தார். 1950களில் தொடங்கிய அந்தத் துணிக் குழாய்தான் திருத்தங்களோடு இன்றும் உலகமெல்லாம் பாவிக்கப்படுகிறது.

புது முறை 1990இல் வந்தது. ஆர்ஜென்டினாவில் ஹுவான் பரோடி என்பவர் வயிற்றைத் திறக்காமல், தொடைக்கு மேலே உள்ள நாடி வழியாக, கம்பி வலை பொருத்திய துணிக் குழாயை மடித்து உள்ளே செலுத்தி, வீங்கிய இடத்தில் விரிய வைத்தார். வெளியே பெரிய வெட்டு இல்லை, முழு மயக்கமும் சில நேரம் தேவையில்லை. ஆனால் எல்லோருடைய நாடியும் அதற்குத் தோதான வடிவத்தில் இருப்பதில்லை. சாமானும் விலை கூடியது. உள்ளே கசிகிறதா என்று காலம் முழுக்க ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் வேண்டும். நம் நாட்டில் இரத்தக் குழாய் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கொழும்பு, கண்டி போன்ற பெரிய வைத்தியசாலைகளில்தான் கூடுதலாக இருக்கிறார்கள்.

ஒபரேசன் முடிந்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியது. இரத்த ஓட்டம் நின்றிருந்த நேரத்தில் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், குடலுக்கு இரத்தம் போகாமல் கெட்டுப்போகலாம், கால் நாடி அடைபடலாம். அவசர சிகிச்சைப் பிரிவில் பல நாள் மெஷினில் இருக்க வேண்டி வரும். வெளியே நிற்கிற நமக்கு ஒன்றும் விளங்காது. "ஒபரேசன் நல்லா முடிஞ்சிச்சுன்னு சொன்னாங்க, ஏன் இன்னும் கண் திறக்கல்ல" என்று டொக்டரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை, குடும்பத்தில் ஒருவர் மட்டும் போய் அமைதியாகக் கேளுங்கள். சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில பேருக்கு ஒபரேசன் வேண்டாம் என்று டொக்டரே சொல்வார். வயது மிகவும் கூடி, இதயமும் பலவீனமாகி, நினைவும் இல்லாமல் வந்தவருக்கு மேசையிலேயே உயிர் போகும் என்றால் வலி இல்லாமல் வைத்திருப்பதுதான் நல்லது என்பார். தோட்டத்து ஆள் என்பதால் கவனிக்கவில்லை என்று எல்லா இடத்திலும் நினைக்கக் கூடாது. உலகத்திலேயே பெரிய மூளை என்று சொல்லப்பட்ட ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் இதே வியாதியால்தான் இறந்தார். 1948இல் நியூயோர்க்கில் ருடோல்ப் நிஸ்ஸன் என்ற டொக்டர் அவருடைய வயிற்றைத் திறந்து, வீங்கிய நாடியைச் சுற்றி செலோபேன் தாளைச் சுற்றிவிட்டார். அந்தக் காலத்தில் அதுதான் வைத்தியம். தாள் உறுத்தி அந்த இடம் தடித்து இறுகும் என்று நம்பினார்கள். ஆறு வருடத்துக்கு மேல் இருந்தார். 1955 ஏப்ரலில் நாடி கசியத் தொடங்கியது. ஒபரேசன் செய்து பார்க்கலாம் என்றார்கள். தன் காலம் முடிந்தது, செயற்கையாக ஆயுளை நீட்ட வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். ஏப்ரல் 18ஆம் திகதி, 76 வயதில், பிரின்ஸ்டன் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

தையல் மெஷின் டிபேக்கி கதை நேர்மாறு. 2005ஆம் ஆண்டு கடைசி நாளில், 97 வயதில், அவருக்கே நெஞ்சுப் பெருநாடியின் சுவர் கிழிந்தது. இது வேறு இடம், ஆனால் அதே நாடி. அவரும் ஒபரேசன் வேண்டாம் என்றுதான் இருந்தார். நினைவு தப்பிய பிறகு, மனைவி விடாப்பிடியாக நின்று 2006 பெப்ரவரியில் ஒபரேசன் செய்ய வைத்தார். பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி, 2008 வரை, 99 வயது வரை இருந்தார். யார் செய்தது சரி என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு வீக்கம் இருப்பது முன்னமே தெரிந்திருந்தால், வெடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் தெளிவாக இருக்கும்போதே கேட்டு வையுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் தம்பி வாக்குவாதப்பட வேண்டாம்.

சரி, எங்களுக்கு அன்று தெரியாமல் போனது எது? அறுபது தாண்டிய ஆண், புகைத்தவர், திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ இடுப்பிலோ கடுமையான வலி, அதோடு மயக்கம் அல்லது வேர்வை. இப்படி வந்தால் வேறு காரணம் என்று டொக்டர் சொல்லும் வரை அது வெடித்த நாடி என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வாழ்க்கையில் ஒரு நாளும் கல் வருத்தம் வராத மனிதருக்கு அறுபத்தைந்து வயதில் முதன்முதலாகக் கல் வலி மாதிரி வந்தால் டொக்டர்மாரே சந்தேகப்படுகிறார்கள். கல்லென்று நினைத்து ஏமாறுவது பெரிய ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிற விஷயம். பெண்களுக்கு இந்த வியாதி குறைவு, ஆனால் வந்தால் சின்ன வீக்கமே வெடித்துவிடும்.

அப்படி வந்தால் ஆளை நடக்க விடக் கூடாது. படுக்க வைத்தே தூக்க வேண்டும். வயிற்றை நீவுவது, அமுக்குவது கூடாது. பாட்டிமார் கோபிக்கக் கூடாது, குழந்தைக்குச் செய்கிற கைவைத்தியம் வேறு, இது வேறு. தேநீர், சுடுதண்ணீர், சாராயம் ஒன்றும் கொடுக்கக் கூடாது, மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும். உடனே 1990க்கு அடியுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் பிறகு எல்லா மாகாணத்துக்கும் வந்துவிட்டது, காசு கேட்பதில்லை. மேல்கணக்கு லயத்துக்கு அம்புலன்ஸ் ஏறாது என்றால் அது வந்து சேரும் நேரத்துக்குள் மெயின் றோட்டுக்குத் தூக்கிக் கொண்டுபோய் வையுங்கள். டவர் கிடைக்கிற இடம் எது என்று லயத்துக்கு லயம் தெரியும், அந்த மேட்டுக்கு ஒரு பையனை ஓட விடுங்கள். சொந்தக்காரர் வரட்டும், நல்ல நேரம் பார்க்கட்டும் என்று நிற்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் போய், "வயிற்று வலி" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைக்கலாம். வயதைச் சொல்லுங்கள், புகைத்தவர் என்று சொல்லுங்கள், வலி வந்து விழுந்தார் என்று சொல்லுங்கள். "பெருநாடியாக இருக்குமோ என்று பயப்படுகிறோம்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே வயிற்று ஸ்கேன் மெஷினை வைத்துச் சில நிமிடத்தில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கிளினிக் கொப்பியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

சேலைன் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு போத்தல் சேலைன் ஏற்றினால்தான் வைத்தியம் நடந்த மாதிரி. "டொக்டர், ஒரு சேலைன் கூடப் போடல்ல" என்று முறைப்பாடு வேறு. இந்த வியாதியில் சேலைன் நிறைய ஏற்றினால் பிரஷர் கூடி, ஓட்டையை அடைத்திருக்கும் கட்டி பிய்த்துக்கொண்டு போகும். இரத்தமும் தண்ணீராகி உறையாமல் போகும். ஆள் நினைவோடு பேசிக்கொண்டிருந்தால் பிரஷர் குறைவாக இருக்கும்படியே டொக்டர்மார் விட்டு வைப்பார்கள். பார்க்கிற நமக்குக் கவனிக்காத மாதிரி தெரியும். அதுவும் வைத்தியம்தான்.

இங்கே ஏறாவூரில் இருப்பவர்களுக்கு ஆதார வைத்தியசாலை ஊருக்குள்ளேயே இருக்கிறது, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் தூரம் இல்லை. மலையில் இருக்கிற நமக்குக் கிலோமீற்றர் குறைவாக இருந்தாலும் வளைவும் குழியும் நேரத்தைத் தின்றுவிடும். சின்ன ஆஸ்பத்திரியில் இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினால், "இங்கேயே பாருங்கள்" என்று மறிக்காதீர்கள். நாடி தைக்கத் தெரிந்தவர் இருக்கும் இடத்துக்குத்தான் அனுப்புகிறார்கள்.

இதெல்லாம் வெடித்த பிறகு செய்கிற வேலை. வெடிக்கும் முன் கண்டுபிடித்தால் கதையே வேறு. நல்ல நிலையில் உள்ளவருக்கு முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்யும் ஒபரேசனில், கைதேர்ந்த இடங்களில் நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவாகவே இறக்கிறார்கள். பிரிட்டனில் 2009இல் தொடங்கி, 65 வயதாகும் ஆண்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு தடவை வயிற்று ஸ்கேன் எடுக்கிறார்கள். 3 சென்டிமீற்றருக்குக் குறைவு என்றால் திரும்ப வரத் தேவையில்லை. 4.4 வரை வருடத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. 5.5 ஆனால் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புகிறார்கள். நம் நாட்டில் அப்படி எல்லோரையும் கூப்பிடும் திட்டம் இல்லை. நம்மவர்களுக்கு வெள்ளைக்காரரை விட இந்த வியாதி குறைவு என்றும் அங்கே எடுத்த ஸ்கேன்களில் தெரிய வந்திருக்கிறது. ஆகவே வயிறு வலிக்கிற எல்லோரும் இன்று ராத்திரி பயந்துகொண்டு படுக்க வேண்டாம். மெலிந்தவர்கள் மல்லாந்து படுத்தால் தொப்புளுக்கு மேலே துடிப்பது தெரியும், அது சாதாரணம். துடிப்பு அகலமாக, கட்டி போலத் தெரிந்தால் காட்ட வேண்டும்.

நல்ல கதை ஒன்றும் இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவருக்குச் சலம் போவதில் கஷ்டம் என்று ஸ்கேன் எடுத்தார்கள். பார்க்கப் போனது ஒன்று, கண்டது ஒன்று. பெருநாடி 6 சென்டிமீற்றர். "வலியே இல்லாத வயித்த எதுக்கு ஐயா கிழிக்கணும்" என்று இரண்டு கிழமை பிடிவாதம் பிடித்தார். அந்தத் தம்பியின் அப்பா கதையைச் சொன்ன பிறகுதான் தலையாட்டினார். கொழும்பில் ஒபரேசன். லயத்துப் பையன்கள் சேர்ந்து போய் இரத்தம் கொடுத்தார்கள். ஆறு மாதம் போனது உடம்பு தேற. இப்போது மூன்றாவது வரிசையில் இருக்கிறார், சிரிக்கிறார். நெஞ்சில் இருந்து தொப்புளுக்குக் கீழே வரை தழும்பு. பேரப்பிள்ளைகள் "தாத்தா வயித்துல சிப் போட்டிருக்காங்க" என்று தொட்டுப் பார்ப்பார்களாம். பீடியை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக வெத்திலையைப் பிடித்துக்கொண்டார், அதைப் பற்றி இன்னொரு நாள் அவரோடு பேச வேண்டியிருக்கிறது.

பீடி என்று சொன்னதும் சிலர் வெளியே பார்க்கிறீர்கள். இந்த வீக்கம் வந்தவர்களில் பெரும்பாலானோர் புகைத்தவர்கள். விட்டால் வீக்கம் வளரும் வேகம் குறைகிறது, ஒபரேசன் செய்ய வேண்டி வந்தாலும் நெஞ்சு தாங்கும். பிரஷர் குளிசையை மறக்காமல் போடுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த வியாதி வந்திருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்புக் கூட. நாளைக்கு அப்பாவுக்காக முழுகப் போகிற அந்தத் தம்பி போன மாதம் போய் ஸ்கேன் எடுத்தார். 1.9 சென்டிமீற்றர், ஒன்றும் இல்லை. அவருடைய அண்ணன்மார் இருவர் இன்னும் போகவில்லை. அவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள், இப்போது தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அறுபத்தைந்து வயது ஆனவர்கள், புகைத்தவர்கள், குடும்பத்தில் யாராவது இப்படித் திடீரென்று விழுந்து இறந்தவர்கள் இருந்தால், தேநீர் குடித்த பிறகு எங்களிடம் பெயரைக் கொடுங்கள். தோட்டத்துக்குத் திரும்பியதும் டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கி, ஒரு நாள் ஒதுக்கி, ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வேனில் கூட்டிப் போகிறோம். அன்றைக்குப் பெயர் விழாதே என்று கவலைப்படுகிறவர்களுக்காகத் துரையிடம் நாங்கள் பேசுகிறோம். இரத்தம் கொடுக்க விருப்பமான பையன்கள் தனித் தாளில் எழுதுங்கள். நாளைக்கு நாலு மணிக்கு பஸ் புறப்படும், வயதானவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள்.